அப்பாவின் கையும் உன் காலும்

அண்ணே,

இன்று காலை பூண்டு அறையைத் திறந்தேன். கீழே விறகுப் புகை, மேலே கம்புகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டு. அந்த வாடைக்குள் எங்கோ ஒரு கட்டு அழுகிக் கிடந்தது. எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கழுத்து ஒடிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் வாசலில் நின்றபடியே, "சன்னலோரம் மேல பாரு" என்று சொல்லிவிட்டு டீ கேட்டிருப்பாய். கால் உன் பேச்சைக் கேட்காமல் போன பிறகும் மூக்கு உன்னைக் கைவிடவில்லை. அப்பாவுக்கோ மூக்குதான் முதலில் போனது.

அது நோயின் தொடக்கம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில் கத்தியதையும், யாரையோ உதைத்ததையும், மலச்சிக்கலில் பட்ட பாட்டையும் வயதின் மேல் போட்டுவிட்டோம். சில வருடம் கழித்து வலது கை நடுங்கத் தொடங்கியது. சும்மா வைத்திருந்தால் நடுங்கும், எதையாவது எடுக்கப் போனால் நின்றுவிடும். "சும்மா இருக்கச் சொன்னாத்தான் இதுக்குச் சோலி வருது" என்று தன் கையைத் தானே கேலி செய்வார். கொடைக்கானல் டாக்டர் அவர் நடந்து வந்ததைப் பார்த்ததுமே பார்க்கின்சன் என்றார்.

உனக்கு வந்தது வேறு மாதிரி. உனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. கேரட் தோட்டத்து மேட்டில் ஏறும்போது இடது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். கை நடுங்கவே இல்லை. தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் உனக்கு வினையாகப் போனது. வெள்ளனே எழுந்து நீ தண்ணீர் திறந்துவிட்டு வருவதைப் பார்த்தவர்கள், மதியம் வரப்பில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்கள். "காலையில நல்லாத்தான் போறான். மூட்டை தூக்குற நேரத்துக்குத்தான் கால் திருகுதாம்" என்று மன்னவனூர் டீக்கடையில் பேசினார்கள். மதினி அழுதாள். நீயோ, "நெசந்தானே, மூட்டையக் கண்டா எவனுக்குத்தான் கால் திருகாது" என்று அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அந்த வாய்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உனக்கும் பார்க்கின்சன்தான் என்று தெரிந்ததும் அதே வாய்கள் வேறு பேசின. அப்பனுடையது மகனுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டார். நம் வீட்டில் பூண்டு நடும் அன்று முதல் பிடி விதையை அப்பா உன் கையில் கொடுப்பார், நீ நடுவாய். அந்த வருடம் விதையை என்னிடம் நீட்டி, "நீயே அவன்கிட்டக் குடுத்துரு தாயி. என் கையால அவனுக்குக் குடுத்ததெல்லாம் போதும்" என்றார். அதன் பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டார். நோய் உன்னை வாட்டியதைவிட அது வாட்டியது. "அப்பா என்னைய ஏறிட்டுப் பாக்கவே மாட்டேங்கிறாரு" என்று நீ சொன்ன குரல் எனக்கு மறக்காது.

அதற்காகத்தான் மதுரைக்குப் போய் ஜீன் பரிசோதனை செய்துகொண்டாய். முடிவைச் சொன்ன டாக்டரம்மா முதலில் கேட்டது, "அப்பா அம்மா சொந்தமா?" என்றுதான். இல்லாத அம்மாவைப் பற்றி யாரோ விசாரித்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்பாவுக்கு அம்மா மாமன் மகள், முறைப்பெண். காடு பிரியாமல் இருக்க, பெண் தூரம் போகாமல் இருக்க, நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களுக்கும் செய்து வைத்தார்கள்.

"ஒரு ஜீன் நமக்கு ரெண்டு காப்பியா இருக்கும். இவருக்கு ரெண்டுமே பழுது. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் பழுதா இருந்தா இந்த நோய் வராது" என்றார். இந்த வகை இளவயதில் வரும், பெரும்பாலும் மெதுவாகப் போகும், மூக்கும் புத்தியும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்றார். அப்பாவுக்கு வந்தது வயதோடு வருகிற வகை, அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்றார்.

திரும்பும் வழியில் பெருமாள்மலையில் பஸ் நின்றது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நீ வெகுநேரம் குடிக்கவில்லை. பிறகு, "பாதிய மட்டும் சொல்லுவோம்" என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தாய். "அப்பா, உங்களுக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற. பேருதான் ஒண்ணு."

"அப்ப நாங் குடுக்கலையா?"

"நீங்க குடுக்கலப்பா."

அடுத்த நடவுக்கு அப்பாவே விதையை அள்ளி உன் முன்னால் நீட்டினார். மதினி கண்ணீரை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வருடங்களில் நோய்க்குத் தின்ற மாத்திரையே உன்னை ஆட வைத்தது, உடம்பு பாம்பு மாதிரி நெளிந்தது. ஆனால் நீங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, கீழ்க்காட்டுக்குத் தண்ணி விட்டாச்சா என்று கேட்டாய். கடைசிவரை உன் புத்தி ஒரு இம்மிகூடக் கலங்கவில்லை.

அப்பாவுடையது கலங்கிவிட்டது, அண்ணே. மூலையில் யாரோ பிள்ளைகள் நிற்பதாகச் சொல்லி அவர்களுக்குச் சோறு போடச் சொல்கிறார். நீ போனது சில நாள் ஞாபகம் இருக்கிறது, சில நாள் இல்லை. நீ சொன்னதை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டார். டீக்கடைப் பேச்சு மறக்கவில்லை. சாயங்காலமானால், "நாந்தான அவனுக்குக் குடுத்தேன்" என்று தொடங்குகிறார். நீ சொன்னபடியே நானும் சொல்கிறேன். முகம் தெளிந்து இரண்டு வாய் சாப்பிடுகிறார். மறுநாள் அதே கேள்வி. முதல் தடவை கேட்பது போலத்தான் அவர் முகம் தெளிகிறது. எனக்குத்தான் நீ தினமும் ஒருமுறை சாகிறாய்.

நானும் மதுரைக்குப் போய் வந்தேன், யாரிடமும் சொல்லாமல். நேற்று அப்பா என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒனக்குக் கால் திருகலையே தாயி?"

"இல்லப்பா."

"ஒனக்கு நான் ஒண்ணுங் குடுக்கலையே?"

"இல்லப்பா" என்றேன்.

உன்னிடம் இருந்த இரண்டு பழுதில் ஒன்று என்னிடமும் இருக்கிறது, அண்ணே. அது என்னை ஒன்றும் செய்யாதாம். அப்பா கொடுத்ததா, அம்மா கொடுத்ததா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை.