அய்யாமலைக்குப் பக்கத்து மலை

கம்பளை,
1935 பெப்ரவரி 4

அன்பு நண்பர் நடராஜா அவர்களுக்கு,

கம்பளைக் கடைவீதியிலிருந்து மஹ்மூத் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் றலியாவும் பிள்ளைகளும் சுகம். கல்தென்னத் தோட்டத்துக் குளிரில் நீரும் மூக்கு ஒழுகாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உம்முடைய கடிதமும் மலை அட்டவணையின் பிரதியும் வந்து சேர்ந்தன. கண்டியில் துரைமார் கூடி மலையேறும் சங்கம் வைத்தார்களாம். எந்த மலை எவ்வளவு உயரம், எந்தப் பக்கமாக ஏறுவது, தண்ணீர் எங்கே என்று எழுதிக் கொடுக்க யாழ்ப்பாணத்து ஆளைப் பிடித்தார்களாம். மேடு என்றால் கிணற்றுக்கட்டு என்று நினைக்கும் ஊரில் பிறந்த மனிதர் எங்கள் மலைகளுக்குப் பெயர் எழுதுகிறார். சிரித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனாலும் உமது எழுத்து அச்சுப் போலிருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். என் கடைக்குப் பின்னாலுள்ள மேட்டில் நின்றால் தூரத்தில் இரட்டைத் தலையாகத் தெரியுமே, அந்த மலைகளைப் பற்றி. இடது பக்கத்தது கூரானது. அதன் கழுத்தில், தேயிலைக் கன்று நட வெட்டியது போலச் சிவப்பாக ஒரு திட்டு. வலது பக்கத்தது மாட்டுத் திமில் மாதிரி. நீரோ கூரானதுக்கு நேரே அய்யாமலை என்று எழுதி, பெண்கள் பொங்கல் பானையோடு ஏறும் வழி, புல் முதுகு, பாதியில் ஊற்று, சுலபம் என்று போட்டிருக்கிறீர். திமிலுக்குப் பெயருமில்லை, வழியும் தெரியவில்லை என்கிறீர். சின்ன வயதிலிருந்து பார்க்கிற என் கண்ணுக்கு அது தலைகீழாகப் படுகிறது. ஆனால் நீர் சும்மா எழுதவில்லை. தோட்ட லயங்களில் இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி அய்யாமலை எது என்று கேட்டீராம். ஒருவர் தவறாமல் ஒரே பக்கம் கை நீட்டினார்களாம். அந்த விரலுக்குப் பின்னால் கருவியை வைத்துத் திசை குறித்தீராம். மலைக்கு அடியிலேயே குடியிருப்பவர்கள் சொல்லும்போது கடையில் அரிசி அளக்கிற நான் என்ன பேச?

துரைமார் ஈஸ்டருக்கு வருமுன் நீரே ஒரு தடவை ஏறிச் சரிபார்க்க நினைப்பது நல்லதுதான். பங்குனிப் பூசைக்கு முன் அய்யாமலையில் கால் வைக்கமாட்டோமென்று தோட்டத்து ஆட்கள் வர மறுத்ததாக எழுதியிருந்தீர். அதனால் துணைக்கு என் மச்சினன் நஸீமை அனுப்புகிறேன். தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை சுமந்து விற்றவன், காலில் சோர்வே தெரியாது. நீர் கேட்ட சவரக் கண்ணாடியும் அவனிடம் இருக்கிறது. நீர் சொன்னபடி சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் நான் மேட்டில் நிற்பேன். உச்சிக்குப் போனதும் கண்ணாடியை இந்தப் பக்கம் பிடித்து, கையால் மூன்று தடவை மூடித் திறவும். எந்தத் தலையில் மினுங்குகிறது என்று பார்த்து எழுதுகிறேன். அதோடு என் சந்தேகமும் தீரும்.

கலகெதரப் பக்கம் காய்ச்சல் வீட்டுக்கு வீடு படுத்தியிருக்கிறது. அங்கிருந்து வரும் வெற்றிலைக்காரர் நேற்று வந்தார், முகத்தில் இரத்தமே இல்லை. அதைக் கேட்டதிலிருந்து றலியாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். தம்பியை மலைக்கு அனுப்ப வேண்டாமென்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நடராஜா கூட இருக்கிறாரே, அவர் அளக்காமல் அடி எடுத்து வைக்கமாட்டார் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். என் சொல்லைக் காப்பாற்றும்.

உமது அன்பு நண்பன்,
மஹ்மூத்


கம்பளை,
1935 பெப்ரவரி 8, வெள்ளி

நண்பர் நடராஜாவுக்கு,

இதைப் படிக்கும் இடத்திலேயே நில்லும். நாளைக்கு மலை ஏற வேண்டாம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து கடை திறந்ததும் உங்கள் கல்தென்னத் தோட்டத்து வேலாயி கற்பூரமும் சர்க்கரையும் வாங்க வந்தாள். கொழுந்து பறிப்பவள், வருஷா வருஷம் பூசைச் சாமான் என்னிடம்தான் வாங்குவாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? உங்கள் அய்யாமலை வெள்ளைக்காரன் புத்தகத்தில் ஏறிவிட்டது பார் என்று, பின்கதவால் அந்தக் கூரான தலையைக் கை நீட்டிக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள். அது அய்யா இல்லீங்க மொதலாளி, அய்யா பக்கத்துல இருக்காரு என்று நாடியைத் திமில் பக்கம் அசைத்தாள்.

உங்கள் ஆட்கள்தானே நடராஜா ஐயாவுக்குக் கூரானதைக் காட்டினார்கள் என்று கேட்டேன். அய்யாவ யாராச்சும் வெரல் நீட்டிக் காட்டுவாங்களா, வெரல் அழுகிப் போகாதா என்றாள். சாமி இருக்கிற மலைக்கு நேரே அவர்கள் கை நீட்டமாட்டார்களாம். யார் கேட்டாலும் பக்கத்து மலையைக் காட்டுவார்களாம். கேட்கிறவர் பக்கத்திலிருப்பதுதான் அய்யா என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். லயத்தில் குழந்தைக்குக்கூட இது தெரியுமாம். தெரியாதவர் ஒருவர் வந்து விரலுக்குப் பின்னால் கருவி வைப்பார் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. நீரும் அப்படி ஒரு வழக்கம் இருக்குமென்று நினைக்கவில்லை. யாரை நோக?

பொங்கல் பானை போகிற வழி, புல் முதுகு, ஊற்று எல்லாம் திமிலுக்கு உரியவை. கூரானதுக்குப் பெயரே இல்லை, ஏனென்றால் யாரும் போவதில்லை. நான் கன்று நட வெட்டியது என்று எழுதினேனே, அந்தச் சிவப்புத் திட்டு போன மழையில் மலை இடிந்து போன இடமாம். தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். மேலே வரைக்கும் பச்சைப் புல்லாம். பனி இறங்கினால் புல் எங்கே முடிகிறது என்று ஆட்டுக்குக்கூடத் தெரியாதாம், ரெண்டு ஆடு போச்சுங்க என்றாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே காகிதத்தை எடுத்துவிட்டேன்.

மா மூட்டை ஏற்றிப் போகும் லொறிச் சாரதியிடம் இதைக் கொடுத்து, தோட்டக் கந்தோரில் உம்முடைய கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சங்கத்துக்கும் தந்தி கொடுக்கிறேன், அந்த வரியை அடித்துவிடட்டும். உம்முடைய கௌரவம் போகுமென்று எண்ண வேண்டாம். பிழை விட்ட மனிதர் உயிரோடு இருந்தால் திருத்தி எழுதலாம்.

நஸீம் அவசரக்காரன். அவன் முன்னால் போனால் சட்டையைப் பிடித்து இழும்.

மஹ்மூத்


கம்பளை,
1935 பெப்ரவரி 12, செவ்வாய் காலை

என் நடராஜா,

போன கடிதம் உடைக்காமலே என்னிடம் திரும்பி வந்துவிட்டது. வானம் வெளுத்திருக்கிறது, அடிவாரத்தில் தங்கி விடியவே ஏறலாமென்று நீரும் நஸீமும் வெள்ளிக்கிழமை மத்தியானமே புறப்பட்டுவிட்டதாகக் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பினார். லொறி போய்ச் சேர்ந்தபோது உமது அறை பூட்டியிருந்ததாம்.

எனக்கு அது தெரியாது. கடிதம் கிடைத்திருக்கும், ஏறியிருக்கமாட்டீர் என்றே சனிக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் சொன்ன சொல்லுக்காக அஸர் நேரத்தில் மேட்டுக்குப் போனேன். மினுங்கியது. நெருப்புப் பொறி மாதிரி அவ்வளவு தெளிவாக. எந்தத் தலை என்றுகூட நிதானித்துப் பார்க்காமல், கடிதம் கண்டு திருத்திக்கொண்டு திமிலில் ஏறிவிட்டீர்கள் என்று நினைத்துக் கீழே ஓடிப்போய் றலியாவிடம் சொன்னேன். அன்று அவள் வட்டிலப்பம் அவித்தாள். மூடித் திறக்கும் வரைக்கும் நான் நின்று பார்த்திருக்க வேண்டும். நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளையின் ஆள் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, நீங்கள் இருவரும் இன்னும் இறங்கவில்லை என்றான். அஸருக்கு மறுபடி மேட்டுக்குப் போனேன். மறுபடியும் மினுங்கியது. திமிலில் இல்லை, கூரானதில். உச்சியிலும் இல்லை, அந்தச் சிவப்புத் திட்டுக்குக் கீழே. கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். மூடவுமில்லை, திறக்கவுமில்லை. வெயில் சாயும்வரை இருந்துவிட்டுத் தானாக அணைந்தது.

நீர் ஒரு நாள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே சொல்லித் தந்த வித்தைப்படி, மேட்டில் இரண்டு கம்பு நட்டு, ஒன்றன் தலைக்கு நேரே மற்றதைப் பிடித்துக் குறித்து வைத்தேன். நேற்றும் அதே நேரம், அதே கோடு. ஒரு மயிரளவும் விலகவில்லை. கண்ணாடியை ஒரு நல்ல மூலையில் முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு நிழலில் இருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அளந்து வேலை செய்கிற மனிதர், அப்படித்தான் செய்வீர்.

சுன்னாகத்திலிருந்து உம்முடைய மனைவி தந்தி கொடுத்திருந்தார், எப்போது வருவீர் என்று. இன்னும் மலையில்தான் இருக்கிறார், நாள் தவறாமல் கண்ணாடி தெரிகிறது என்று பதில் கொடுத்தேன். இரண்டும் பொய்யில்லை. றலியாவிடமும் அதையேதான் சொல்கிறேன். அவள் தொழுகைப் பாயை விட்டு எழும்புவதில்லை.

வேலாயியின் புருஷன் இருளப்பனும் லயத்து ஆட்களும் இன்று உங்களைத் தேடி ஏறுகிறார்கள். பூசைக்கு முன் அந்தப் பக்கம் போகக்கூடாதாம். ஆனாலும் நேற்றுக் கோயிலில் தேங்காய் உடைத்து அய்யாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்களாம். கயிறு வாங்க இருளப்பன் விடியவே கடைக்கு வந்தான். அவனை மேட்டுக்குக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினேன். அடியில் நின்றால் காடு மறைக்கும் என்பதால், இடம் கேட்டு ஆள் அனுப்பினால் பார்த்துச் சொல்ல நான் மேட்டை விட்டு அசையக்கூடாதென்று சொல்லியிருக்கிறான். அசையமாட்டேன்.

இந்தக் கடிதத்தை அவன் மடியில் கொடுத்தனுப்புகிறேன், பசிக்குப் பாணும் கொஞ்சம் பனங்கட்டியும் சேர்த்து. நஸீமுக்கு அடிபட்டிருந்தால் அவனைத் திட்டாதேயும். அவனுக்கு இருட்டென்றால் சின்ன வயதிலிருந்தே பயம், ஏதாவது பேசிக்கொண்டிரும். அந்த மலைக்குப் பெயரில்லாவிட்டால் பரவாயில்லை, வந்து நீரே ஒரு பெயர் எழுதும், நான் கேலி செய்யமாட்டேன். ஆண்டவன் உங்கள் இருவரையும் தன் கையில் வைத்திருப்பானாக.

இன்றும் அஸருக்கு நான் மேட்டில் நிற்பேன். கம்பு இரண்டும் நட்டபடியே இருக்கின்றன. மூன்று தடவை வேண்டாம். உமக்குக் கை தூக்க முடியாவிட்டால் நஸீமாவது செய்யட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கண்ணாடியைக் கையால் மறைத்துக் காட்டும்.

மஹ்மூத்