அம்மா நேர்ந்துகொண்ட மாத்திரை

செவ்வாய், இரவு

அம்மா இன்றும் வலிப்பு மாத்திரையைப் போடவில்லை. அட்டையை எடுத்து எண்ணினேன். சனிக்கிழமையிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை.

அன்றுதான் என்னைச் சோதித்த டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கணக்கு ஏறாததற்கும் சொன்னதெல்லாம் மறந்துபோவதற்கும், நான் வயிற்றில் இருந்தபோது அம்மா சாப்பிட்ட வலிப்பு மாத்திரை காரணமாக இருக்கலாமாம். அதற்காக இப்போது நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார். அம்மா முதல் பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் மாத்திரையும் தண்ணீருமாகப் போய் நின்றேன்.

"ஏளா, அத அங்கன வையி. ஒனக்குத் தல தெளியணும்னு மாத்திரைய விடுதேன்னு மாதாவுக்கு நேந்திருக்கேன்."

"நான் வெளிய வந்து பதினாலு வருசம் ஆச்சும்மா. இப்ப நீ முழுங்குனா எனக்கு எப்படி வரும்?"

"கணக்குதான் வரல. வாய்க்கு ஒரு கொறச்சலும் இல்ல" என்று சிரித்தாள். மாத்திரையைத் தொடவில்லை.

நாளை அவளுக்கு உப்பளத்தில் வேலை. வலிப்பு வந்து பாத்தியில் குப்புற விழுந்தால் கணுக்கால் அளவு தண்ணீரே போதும். கடலுக்குப் போன அப்பா அடுத்த வாரம்தான் வருவார்.

நேர்ச்சையைப் பங்குச்சாமியார் மாற்றிக் கொடுக்கலாம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரைக்குப் பதில் மீனை விடட்டும். அம்மா வேலைக்குக் கிளம்புமுன், விடியற்காலை நான்கு மணிக்கே போய் அவர் கதவைத் தட்டப் போகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்கு அம்மா அடிப்பாள். என்னை அடிக்கிற அளவுக்கு அவள் நன்றாக எழுந்தால் போதும்.