விழுந்தால் யார் வருவார்கள்?

அன்புள்ள மர்லீன்,

இடுப்பு வலி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் முன்னதாக வந்து தங்கியிருக்கும் இந்த ஊரில் டியூஷன் பிள்ளைகளோடு எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது.

உன் டாக்டரின் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு பகுதிகளில் வீடு பார்த்தேன். "நீங்க வேலைக்குப் போயிருக்கும்போது நான் விழுந்தா யாரு வருவா?" என்று கேட்டாயே, அதைத் தரகர்ப் பெண் டெனிஸிடம் கேட்டேன்.

"அக்கம்பக்கத்து ஆளுங்க எப்படின்னு தரகருங்க சொல்லக் கூடாது சார், அது பாகுபாடுன்னு சட்டம்" என்றாள். விடை தெரிந்தும் எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்ட மாணவியைப் போல விழித்தாள்.

நானே போய் அழைப்பு மணிகளை அடித்தேன். முதல் பகுதியில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் அழைப்பு மணியோடு இருந்த ஒலிபெருக்கியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "பார்சலா? வாசல்லயே வெச்சிடுங்க."

இரண்டாவது பகுதியில், நான் பார்த்த வீட்டுக்கு அடுத்த வீட்டு க்ளோரிஸ் அம்மாள் கதவைத் திறந்து காபியும் கொடுத்தார். "ஒரு சத்தம் போடச் சொல்லுங்க, அடுப்பைக்கூட அணைக்காம ஓடி வருவேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா விழறதுன்னா இந்த மாசத்துக்குள்ள விழச் சொல்லுங்க. நானும் வீட்டை வித்துட்டேன்!"

இருவரும் சிரித்தோம். தெருவுக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

என் கம்பளிக் கையுறையை அனுப்பு. பக்கத்து வீட்டு வெர்னன் இப்போதும் காலையில் வந்து கதவைத் தட்டிப் பார்க்கிறானா? நாம் வீட்டை விற்கப்போவதை அவனிடம் இன்னும் சொல்லாதே. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உன் ஹரால்ட்