தெரிஞ்சவங்க

குழம்பைச் சூடு பண்ணிக்கொள். சாவி தையல்கார அக்காவிடம் இருக்கிறது. நான் உன் நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு யாரும் வரவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். அம்மாவைப் பார்க்க அவள் வந்திருந்தாள். வேறு சாமி கும்பிடுகிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று நான் அன்று வீட்டை விட்டு விரட்டிய பிறகு, நேற்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். "இவங்க யாருங்க?" என்று நர்ஸ் கேட்டாள். பக்கத்தில் மாமா நின்றார். "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள், தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "வரேங்க" என்றாள். வாடா போடா என்று என்னைக் கூப்பிட்டு வளர்ந்தவள். அந்த 'ங்க' என்னைத் தூங்க விடவில்லை.

மாமா போன் செய்தால் நான் எங்கே போனேன் என்று மறைக்காதே.

அவள் என்னோடு வந்தால் உள்ளறையைக் கொடு. அவள் சாமியை அவள் அங்கே கும்பிடட்டும். வரவில்லையென்றால் அவளைக் குறை சொல்லாதே.

இன்னொன்று. அவள்தான் நம்மை வேண்டாமென்று போய்விட்டாள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடாதே. அதை நானே என் வாயால் சொல்ல வேண்டும்.