ஜெமிமாவின் இடது கால்

விருதுநகர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே கர்த்தர் கிருபையால் அப்பாவுக்கும் ஜாஸ்பினுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது, நீ சுகமாக இல்லை என்பதுதான் எனக்குத் தெரியுமே. நாலு நாளாக உன் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று உன் தங்கச்சி சொன்ன பிறகுதான் பேப்பரை எடுத்தேன். ஜாஸ்பின் இதைப் போட்டோ எடுத்து உங்கள் காம்ப் பிசியோ மேடத்துக்கு அனுப்புவாள், அவர் உன்னிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஏன் காட்டுகிறார் என்று உனக்கு இப்போதே சந்தேகம் வரும். பாதியில் நிறுத்திவிடாதே, காலை நீட்டி வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். ஜனவரியில் இடது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாய், பத்து வலி மாத்திரை அனுப்பினேன். பிப்ரவரியில் இருபது, போன மாதம் இன்னும் இருபது. காம்பில் யாரும் பார்க்கக் கூடாது என்று நீ சொன்னதால் சாத்தூர் காராச்சேவு பாக்கெட்டுக்குள் வைத்துத் தைத்து அனுப்பினேன். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு நோயாளிக்கும் ஒரு மாத்திரை கொடுத்தது இல்லை. சொந்தப் பிள்ளைக்கு ஐம்பது கொடுத்தேன். இந்தியா புட்பால் டீமில் பெயர் வந்துவிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வலியைத்தான் மாத்திரை மறைத்தது, அந்த மறைவில் நீ ஓடிக்கொண்டே இருந்தாய்.

போன வாரம் நீ தங்கச்சிக்குப் போனில் அனுப்பிய, வீங்கின காலின் போட்டோவை அவள் பயந்துபோய் என்னிடம் காட்டினாள். அதை எங்கள் எக்ஸ்ரே ரூம் சங்கிலிமுத்து அண்ணனிடம் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இது சதை வலி மாதிரித் தெரியல. எலும்பு மேல ஒத்த விரல வச்சு அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க, ஒரே எடத்துல சுரீர்னு பிடிச்சா மேக்கொண்டு ஓட விடாதீக" என்றார். அதைத்தான் புதன்கிழமை உன்னிடம் கேட்டேன். நீ அமுக்கிப் பார்த்தாய். பிறகு "ஆமாம்மா, பிடிக்கி. பதினெட்டாம் தேதி பிளைட்டு, அதுவரைக்கும் மாத்திர மட்டும் அனுப்புங்க, வேற ஒண்ணும் கேக்காதீக" என்றாய். யாரிடமாவது சொன்னால் நான் உங்கள் பிள்ளையே இல்லை என்று போனை வைத்துவிட்டாய்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜாஸ்பின் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். உனக்கு நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லையாம், அதை நல்லது என்று நீ சொன்னாயாம், மேட்சுக்குத் தொந்தரவு இல்லையாம். எடை ஏறக் கூடாது என்று ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டாயாம், எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் தனியாகப் போய் ஓடுகிறாயாம். ஏ தாயி, அது நல்லது இல்லை. செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு போகவில்லை என்றால் அது முதலில் நிறுத்துவது இதைத்தான், அடுத்து எலும்பில் கை வைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ ஆடியதை ஜாஸ்பின் எழுதி வைத்திருக்கிறாள். யுனிவர்சிட்டிக்கு ஐந்து, கிளப்புக்கு எட்டு, காம்பில் நாலு, நாற்பத்தொரு நாளில் பதினேழு மேட்ச், நடுவே ரயிலில் இரண்டு ராத்திரி, இறங்கின அன்றைக்கே பிராக்டிஸ். யுனிவர்சிட்டியில் கேட்டால் கிளப்பில் ஓய்வு கிடைக்கும் என்கிறார்கள், கிளப்பில் கேட்டால் காம்பில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள், காம்பில் நீயே பிரெஷ்ஷாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். மூன்று இடத்துக்கும் இருப்பது உன் ஒரே கால்தான் என்பதை யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

நேற்று மத்தியானம் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்தப் பிசியோ மேடத்துக்கு நான் போன் செய்தேன். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன், வீக்கம், மாதவிலக்கு, மாத்திரை, அனுப்பியது நான்தான் என்பதையும். எத்தனை என்று கேட்டார், ஐம்பது என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நீ ஒரு மாத்திரையும் எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு உனக்கு ஸ்கேன், அதன் முடிவு தெரியும் வரை பதினெட்டாம் தேதி லிஸ்டில் உன் பெயர் இருக்காது. ஆமாம் ஜெமி, உன்னை நிறுத்தியது கோச் இல்லை, உன் ஆட்டம் குறைந்ததும் இல்லை. நான்தான்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கால் போனாலும் ஒரு தடவ இந்தியா சட்டையோட வெளிநாட்டுல ஆடிட்டு வந்திரட்டும்னு விடக் கூடாதா, அதுக்குத்தான அவ இம்புட்டும் பட்டா" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சிவகாசியில் உன் பெரியப்பா வேலை பார்க்கும் பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டருக்கு உன் படத்தைப் போட்டு ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், அதை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரி ஷிப்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதே. புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நானும் அதே நினைப்பில்தான் இருந்தேன், இன்னொரு இருபது மாத்திரை வாங்கிக் கைப்பையில் வைத்துவிட்டேன். கடைசியில் அதைச் சாக்கடையில் கொட்டினேன். விரிசல் விட்ட எலும்பு மைதானத்தில் முறிந்தால் பிளேட் வைத்து முடுக்க வேண்டும், அந்தக் கால் பழைய கால் ஆகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. உனக்குப் பத்தொன்பது வயசு.

நீ என்னோடு பேச வேண்டாம். எத்தனை மாதம் ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் மட்டும் ஒன்றும் மறைக்காதே, வெளியே வாங்கிப் போட்ட மாத்திரை இருந்தால் அதையும் சொல். இன்று ராத்திரி சோறு சாப்பிடு. விடியக்காலையில் எழுந்து ஓடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ என்னை ஒதுக்கித் தள்ளினாலும் கர்த்தருடைய கை உன் மேல் இருக்கட்டும், உன் எலும்புக்கு அவர் பெலன் தரட்டும். ஸ்கேனுக்குப் போகும்போது கம்மல், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடு. உள்ளே டமடமவென்று பெரிய சத்தம் வரும். வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதற்குப் பயப்பட மாட்டாய். ஆனால் அரை மணி நேரம் காலை அசைக்கக் கூடாது, அசைத்தால் படம் கலைந்துவிடும். உனக்கு அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் மட்டும் அசையாமல் படுத்திரு, என் கண்ணே.

உன் அம்மா
ஞானதீபம்