பொட்டு வைத்த தகடு

இன்று காலை கல்லூரி ஆய்வகத்தைத் திறந்ததுமே சந்தன வாசனை மூக்கில் ஏறியது. ஆயுத பூஜை முடிந்து முதல் வேலை நாள். எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா எதையும் விட்டுவைக்கவில்லை. எடைத் தராசு, அமில பாட்டில் அலமாரி, கை கழுவும் குழாய் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. தராசுத் தட்டில் சிந்தியிருந்த குங்குமத்தை ஊதிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அங்கேயே நின்று உனக்கு போன் போட்டிருப்பேன். "இன்னாடி, நைனா அங்கயும் வந்துட்டுப் போனாரா?" என்று கேட்டிருப்பாய்.

நைனா என்று நீ கூப்பிட்டது என் அப்பாவை. பெற்ற மகள் நான்கூட அவரிடம் அவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டதில்லை. முதல் தடவை எங்கள் சாத்தாங்காடு இரும்புக் கடைக்கு வந்த அன்றைக்கே, கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நைனா, மூணு தகடு வோணும், ஒரே ஷீட்டுல வெட்டினதா குடு" என்றாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த மனுஷன் அவர். எத்தனையோ வருஷம் மெட்ராஸில் இருந்தும் ஒரு சின்னப் பெண் இப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை போல. சிரித்துக்கொண்டே தானே எழுந்து போய் வெட்டிக் கொடுத்தார்.

அந்த ஆராய்ச்சி யோசனையே உன்னுடையதுதான். ராயபுரத்தில் உங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தப் போய், கம்பி உன் கையோடு வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பி.எஸ்ஸி. கடைசி வருஷ வகுப்புக்கு வந்தாய். "இன்னாடி இது, கம்பியா முறுக்கா? தொட்டா பொடியாவுது. நம்ம ஏரியால எங்க இரும்பு சீக்கிரம் துருப்புடிக்குதுன்னு பாத்துடலாமா?" எங்கள் வேதியியல் மேடத்துக்குப் பிடித்துவிட்டது. ஒரே அளவில் மூன்று தகடுகள். எடை பார்த்து, ஒன்றை உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும், ஒன்றை எண்ணூரில் உன் சித்தி வீட்டிலும், ஒன்றை எங்கள் கடை மாடியிலும் தொங்கவிட்டோம். கட்டிய நைலான் கயிறுகூட உன் அப்பா வலை பின்ன வைத்திருந்தது. காற்றும் மழையும் தங்கள் வேலையைச் செய்யட்டும், யாரும் தொடக்கூடாது என்று மூன்று வீட்டிலும் சொல்லிவைத்தோம். அடிக்கடி போய்ப் பார்த்தால் கை துருதுருக்கும் என்று நாமே அந்தப் பக்கம் போகவில்லை.

தகடுகளை இறக்கின நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ராயபுரத்துத் தகடு செதில் செதிலாக உரிந்தது. எண்ணூர்த் தகட்டைக் கையில் எடுக்கவே பாவமாக இருந்தது. கடைசியாக எங்கள் கடை மாடிக்கு ஏறினோம். முந்தின நாள்தான் ஆயுத பூஜை. நம் தகடு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், கயிற்றில் ஒரு முழம் சாமந்தி.

நீ படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் கத்திக்கொண்டே கீழே ஓடினேன்.

அப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "தொடக்கூடாதுன்னுதானட்டி சொன்ன, கும்பிடக்கூடாதுன்னா சொன்ன? எல்லா இரும்புக்கும் பொட்டு வச்சிட்டு, நீங்க படிக்கிற இரும்ப மட்டும் மூளியா விடச் சொல்லுதியா?" அத்தோடு முடிந்ததா? வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்ட மாடிக்குப் போகும்போதெல்லாம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டும் வந்திருக்கிறார். நம் மேல் அவ்வளவு பாசம்!

கருத்தரங்குக்கு நம் கட்டுரை ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. திரும்பத் தொங்கவிட நாள் இல்லை. இரண்டு தகட்டை வைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் மூன்றாவது கெட்டுப்போன கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், முடிவு உங்களுடையது என்று மேடம் சொல்லிவிட்டார். சாத்தாங்காட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றேன் நான். மூணு தொங்கவுட்டோம், மூணையும் சொல்லணும் என்றாய் நீ. பொட்டு வைத்த தகட்டைப் படம் வேறு எடுத்து வைத்திருந்தாய், அடிப்பாவி.

என் பயம் முழுக்க அப்பாவை நினைத்துத்தான். மகள் பெரிய இடத்தில் பேசப்போகிறாள் என்று கடைக்கு அரை நாள் லீவு விட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு அவரும் வருவதாக இருந்தார். அந்த அரங்கத்தில் அவர் வைத்த பொட்டைத் திரையில் போட்டு, கோட்டு போட்ட கூட்டம் சிரிக்க, கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு உன்னிடம் அழுதேவிட்டேன். நீ என் கன்னத்தை உன் துப்பட்டாவால் துடைத்தாய். "லூசு, உங்கப்பாவ நா வுட்டுக்குடுப்பனா? நம்புடி." எனக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சரி என்றேன், நீ கேட்டதால்.

நகரத்தின் தெற்குக் கோடியில் குளிரூட்டிய அரங்கம். என் புடவையைக் கட்டிக்கொண்டு, தடுக்காமல் இருக்க இரண்டு கையாலும் மடிப்பைப் பிடித்தபடி நம் இருவருக்குமாகப் பேச மேடையேறினாய்; நான் கீழே உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாய். உன் ஆங்கிலத்துக்கும் ராயபுரத்து ராகம் உண்டு. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராயபுரம் முடிந்தது, எண்ணூர் முடிந்தது. அடுத்து திரையில் சந்தனமும் குங்குமமும் சாமந்தியுமாக நம் தகடு.

அரங்கமே சிரித்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்த நொடியில் உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

நீ அவசரப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். "இது யாரும்மா செஞ்ச வேலை? தமிழ்லயே சொல்லு" என்றார் நடுவர்களில் ஒருவர்.

நீ என்னைக் கை காட்டினாய். "இவங்கப்பா சார். அதோ லாஸ்ட்ல ஒக்காந்துகினு கீறாரு. இரும்புக் கடை வெச்சிருக்காரு. இந்தத் தகட்ட வெச்சி சாத்தாங்காட்டுக் காத்தப் பத்தி ஒண்ணுமே சொல்ல முடியாது சார், அது கெட்டுப்போச்சு. அத மறைக்கக்கூடாதுன்னுதான் போட்டோ காட்டுறேன். ஆனா எங்க ஏரியால ஒரு பக்கம் உப்புக் காத்து, ஒரு பக்கம் புகை. ரெண்டும் இரும்பத் துன்னுகினே கீது. இந்த ஒண்ண மட்டும் அதுங்களால துன்ன முடியல. வாராவாரம் ஒருத்தர் பாத்துகினாரு சார்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த நடுவர் பின்னால் திரும்பி, அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா பதறிப்போய் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கி, அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் காதில் விழவில்லை.

பரிசை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியே கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துக்கொண்டே அப்பா உன்னிடம் கேட்டார். "நான் செஞ்சது தப்பாம்மா?"

"தப்புதான் நைனா. ஆராய்ச்சிக்குத் தப்பு, தகட்டுக்கு நல்லது."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார் அப்பா. அப்ப இத நீயே வச்சுக்கோ, வெள்ளிக்கிழம தொடைக்க மறந்துராத என்று தகட்டை உன்னிடமே கொடுத்துவிட்டார். "பொட்டெல்லாம் வெச்சா எங்க சர்ச்சு ஃபாதர் வூட்டாண்டையே வந்துடுவாரு. எண்ணெ மட்டும் தடவுறேன், இன்னா?" என்று வாங்கிக்கொண்டாய்.

நீ பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அதுவும் உன்னோடு மேசைக்குப் போனது. நான் பாடம் நடத்தப் போனேன், நீ துருவைத் தடுக்கப் போனாய். கல்யாணம், குழந்தை, கடன், சண்டை எல்லாம் வந்து போயின. போனில் மட்டும் நாம் இருவரும் அந்த பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நீயும் சொன்னாய். மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. இதை எழுதும்போதுகூட உன் மேல் கோபம்தான் வருகிறதடி. எதையும் மறைக்காதவள், உடம்பு இவ்வளவு மோசம் என்பதை மட்டும் ஏன் மறைத்தாய்?

கம்பெனியிலிருந்து உன் சாமான்கள் வந்தபோது உன் அம்மா அந்தத் தகட்டை என் கையில் கொடுத்தார். "இது உன்னுதுன்னு சொல்லிக்கினே இருக்கும் கண்ணு. வெச்சிக்கோ." மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் துரு. நீ படுத்திருந்த நாட்களில் அதைத் துடைக்க ஆள் இல்லை. அத்தனை வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமையையும் நீ விட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலை ஆய்வக வாசலில் இரண்டு மாணவிகள் காத்திருந்தார்கள். அடுத்த வாரம் கருத்தரங்கு. சோதனைக்கு எடுத்துவைத்த மாதிரிகளில் ஒன்றை ஒருத்தியின் தங்கச்சி கொட்டிவிட்டாளாம், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். மேசையிலிருந்த தகட்டைக் காட்டி உன் கதையைச் சொன்னேன். அந்த ஓரத்துத் துரு எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். எண்ணெய்த் துணியை எடுத்துத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அந்தத் துருவை நான் தேய்த்து எடுக்கவில்லை. அதன் மேலும் சேர்த்துத்தான் எண்ணெய் தடவுகிறேன், அதற்கு மேல் பரவாமல் இருக்க. இன்று வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு இப்போது கடைக்குப் போக முடிவதில்லை, காதும் மந்தம். ஆனால் சாயங்காலம் போன் வந்துவிடும்.

"ஏட்டி, அந்தப் பிள்ளையத் தொடச்சியா?"

தகட்டை என்று அவர் சொல்வதில்லை. நானும் திருத்துவதில்லை.

"தொடச்சிட்டேன்பா."