வேலி இல்லாத வீடுகள்

டூஷெக் பண்ணை,
மேற்கு நெப்ராஸ்கா
மார்ச் 2

அன்பு மகள் கரீனுக்கு,

நான் நலம். உன் அம்மாவும் நலம், ஆனால் என் மேல் கோபமாக இருக்கிறாள். கவர்னர் பதவிக்கு நிற்கிறவன் வீட்டுச் சமையலறையில் எந்நேரமும் யாராவது காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் கோப்பையைக் கழுவுவதில்லை. என் போனையும் பிரசாரப் பொறுப்பாளர் ப்ரெட் வாங்கி வைத்துக்கொண்டான். நீ அழைத்தால் அவன்தான் எடுப்பான். அதனால் இந்தக் கடிதம்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ப்ரெட்டின் ஆட்கள் என் பெயர் போட்ட பலகைகளைச் சாலையோரமாக நட்டுக்கொண்டே போனவர்கள், பக்கத்துப் பண்ணை லோவலின் வேலியிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அவரைக் கேட்கவில்லை. நான் குடியரசுக் கட்சி, லோவல் பரம்பரை ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது இங்குள்ள மாடுகளுக்குக்கூடத் தெரியும். விடிந்ததும் வந்து நின்றார்.

“ஏன்யா வெர்லன், என் வேலியையும் உன் கட்சியில சேர்த்துட்டியா?”

“பசங்க தெரியாமப் பண்ணிட்டாங்கப்பா.”

“ஊர் ஊரா மைக் பிடிச்சு என்ன பேசுற? ஒருத்தன் வேலிக்குள்ள வரணும்னா அரசாங்கமே தொப்பியைக் கழட்டிட்டு, கேட்டுட்டுத்தான் வரணும்னு பேசுற. உன் பசங்க அரசாங்கத்தை விடப் பெரிய ஆளுங்களா?”

நானே போய் அவிழ்த்து எடுத்து வந்தேன். “ஒரு பலகைதானே சார்” என்றான் ப்ரெட். வரியைக் குறைப்பது, வரவுக்குள் செலவு செய்வது, ஊர்ப் பள்ளியை ஊரே நடத்துவது, அவரவர் தெய்வத்தை அவரவர் தொழுவது என்று நான் பேசுகிற அத்தனையும் அந்த வேலியிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கு உரியதை அவரைக் கேட்காமல் தொடாதே. என் அரசியல் அவ்வளவுதான்.

எங்கள் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவாகும் உட்கட்சித் தேர்தல் மே மாதம். குடும்பத்தோடு மேடையில் நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்கிறான் ப்ரெட். வருவாயா? கட்டாயம் இல்லை.

அன்புடன்,
அப்பா

•

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

மேடைக்கு வர மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காத்திருக்க வேண்டாம்.

லோவல் மாமா கேட்டதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. நான் பாடம் நடத்தும் இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் தட்டில் வைத்துச் சாப்பிடும் மாட்டிறைச்சியை வெட்டுகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். இறைச்சி ஆலைக்குப் பின்னால், தகர டிரெய்லர் வீடுகளில். அங்கே வேலி கிடையாது.

என் மாணவி ஒருத்தியின் அம்மா ஓதிலியா, குவாதமாலாவிலிருந்து வந்தவள். இரவெல்லாம் ஆலையில் கத்தி பிடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறாள். போன வாரம் கண் விழித்தால் படுக்கை அருகே ஓர் ஆள் நிற்கிறான். டிரெய்லர்களுக்குச் சொந்தக்காரரான கம்பெனியின் ஆள். கையில் சாவி இருந்தது, திறந்துகொண்டு வந்துவிட்டான். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தானாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. இப்போது அவள் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

அந்தக் கம்பெனியின் முதலாளி யார் தெரியுமா? ராண்டல் கீஸ். உங்கள் பிரசாரத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவர். பத்திரிகையில் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

உங்கள் கொள்கை நிலம் வைத்திருப்பவனுக்கு மட்டும்தானா அப்பா? அப்படியென்றால் அதைக் கொள்கை என்று சொல்லாதீர்கள். சொத்து என்று சொல்லுங்கள்.

அம்மாவிடம் கோப்பைகளை வாசலில் வைத்துவிடச் சொல்லுங்கள். அவர்களே கழுவுவார்கள்.

கரீன்

•

ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மேல் கோபப்பட்டேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நீ இருக்கும் ஊருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீயே பேசி முடித்திருப்பாய்.

ஓதிலியாவின் கதவைத் தட்டினேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு விரல் அளவு திறந்தது.

“யாரு? கம்பெனியா?”

“இல்லம்மா. உங்க பொண்ணோட டீச்சருக்கு அப்பா.”

“சாவி வச்சிருக்கீங்களா?”

“இல்லம்மா. நீங்க வரச் சொன்னா வர்றேன். இல்லேன்னா இங்கேயே நின்னு பேசிட்டுப் போறேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு பெரிய தொப்பியோட வெளியில நின்னா, ஊரே என்னைப் பிடிக்க ஆள் வந்திருக்குன்னு நினைக்கும். உள்ள வாங்க” என்றாள். சோள இலையில் கட்டி வேகவைத்த தமாலே கொடுத்தாள். நான் இலையோடு கடித்துவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே ராண்டலிடம் போனேன்.

“வீடு என்னுது வெர்லன். என் வீட்டுக்குள்ள போக நான் யாரைக் கேட்கணும்?”

“வீடு உங்களுதுதான். வாடகையைக் கையில வாங்கின நாள்லேர்ந்து கதவு அவங்களுது.”

“உன் பொண்ணு உன் காதுல ஓதிட்டாளா?”

“அவ ஓதல. திட்டினா.”

அவர் இனிமேல் பணம் தர மாட்டார். வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் இதைப் பேசப் போகிறேன் என்றதும் ப்ரெட் தலையில் கை வைத்துக்கொண்டான். உனக்கும் ஒன்று சொல்கிறேன், கேள். வாடகை இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசாங்கம் கட்டளை போடுவதை நான் ஏற்க மாட்டேன். நீ அதைத்தான் விரும்புவாய். அது நடக்காது. என் பழமைவாதம் என்னோடு இருக்கட்டும். ஆனால் கதவு கதவுதான்.

அன்புடன்,
அப்பா

•

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

விவாதத்தைப் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோருமாகப் பார்த்தோம். வரியைப் பற்றி நீங்கள் பேசியபோது நான் முனகினேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளின் சாப்பாட்டை அரசு அல்ல, தேவாலயங்கள் பார்த்துக்கொள்ளும் என்றபோது பேனாவைத் தூக்கி எறிந்தேன். ஒரு தேவாலயத்தின் சூப் எத்தனை பிள்ளைகளுக்குக் காணும்? இங்கே வந்து பரிமாறிப் பாருங்கள்.

பிறகு சாவியைப் பற்றிப் பேசினீர்கள். வாடகைக்கு இருப்பவளின் கதவும் கதவுதான், அந்தச் சட்டத்தை அமல்படுத்த ஆள் போடுவேன் என்றீர்கள். கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. நீங்கள் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, அதையே இன்னொரு முறை சொன்னீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழுததை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சாவிக்காரன் கதவைத் தட்டுகிறானாம். ஓதிலியா வேண்டுமென்றே மெதுவாகத் திறக்கிறாளாம்.

நேற்று தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் கட்சியில் பதிவு செய்தால்தானே உங்களுக்கு ஓட்டுப் போட முடியும்? அங்கே வேலை செய்யும் வயதான அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, “போன தேர்தல்ல எதிர்க்கட்சிக்கு வீடு வீடா வந்தது நீதானே?” என்றார்.

“ஆமா.”

“என்னடி ஆச்சு உனக்கு?”

“ஒண்ணும் ஆகல. கொஞ்ச நாளைக்குத்தான்.”

நண்பர்கள் என்னைக் குடியரசுக் கட்சிக்காரி என்று கூப்பிட்டு உயிரை எடுக்கிறார்கள். நான் மாறவில்லை. மேடைக்கும் வர மாட்டேன். மே மாதத்தில் உங்களுக்குப் போடுவேன். நீங்கள் ஜெயித்தால், நவம்பர் பொதுத் தேர்தலில் எதிர்த்துப் போடுவேன். வீடு வீடாகவும் போவேன்.

உங்கள் மகள்,
கரீன்

•

மே 14

அன்பு மகளுக்கு,

தோற்றுவிட்டேன். நீ செய்தியில் பார்த்திருப்பாய். கீஸ் கடைசியில் யாருக்குப் பணம் கொடுத்தாரோ அவர் ஜெயித்தார். ப்ரெட் அழுதான். உன் அம்மா அவனைச் சாப்பிட வைத்து, கோப்பையைக் கழுவச் சொல்லி அனுப்பினாள்.

எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன், கேட்காத இடத்திலும் சொன்னேன். போனும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மூன்று மாதமாக என்னைப் பேட்டி எடுத்தவர்கள் என் கொள்கை என்ன என்று கேட்டார்கள். நீ ஒருத்திதான் அது யாருக்கு என்று கேட்டாய்.

ஒரே ஒரு வருத்தம். நான் ஜெயித்திருந்தால், நீ எனக்கு எதிராக ஊர் ஊராகப் போயிருப்பாய். ஏதாவது ஒரு சந்தைக்கடை வாசலில் நாம் இருவரும் நேருக்கு நேர் நின்று, கூட்டம் கூடும்வரை சண்டை போட்டிருப்போம். கவர்னர் பதவி போனதை விட அது போனதுதான் எனக்குக் குறையாக இருக்கிறது.

பள்ளி முடிந்ததும் வா. வாடகை விஷயத்தில் நீ சொல்வது ஏன் தப்பு என்று விளக்க எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

என்றும் உன்,
அப்பா